லண்டன் பார்க்க டூர் பஸ்ஸா, ஊர் பஸ்ஸா, டியூபா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை நெருங்கினாலே சென்னை, கோவை, யாழ்ப்பாணம், டொராண்டோ என்று எல்லாத் திசையிலிருந்தும் லண்டனுக்குச் சொந்தபந்தங்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். நான்கைந்து நாள்தான் கையில் இருக்கும். அதற்குள் எல்லாம் பார்க்க வேண்டும். "அந்தத் திறந்த மாடி பஸ்ஸுக்கு டிக்கெட் போடலாமா, இல்லை டியூபிலேயே (லண்டனின் சுரங்க ரயில்) போய்விடலாமா?" என்று வருகிறவர்களும் கேட்பார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் கேட்பார்கள். என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கட்டணங்கள் 2025 நிலவரம். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் எல்லா பஸ்ஸும் சிவப்பு, பெரும்பாலானவற்றுக்கு மாடி. டூர் பஸ்ஸை எப்படி அடையாளம் காண்பது?

டூர் பஸ் என்று இங்கே சொல்வது "ஹாப் ஆன் ஹாப் ஆஃப்" வகையை. ஒரு டிக்கெட் வாங்கினால் நாள் முழுக்க எந்த நிறுத்தத்திலும் இறங்கலாம், அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். பிக் பஸ், டூட்பஸ், கோல்டன் டூர்ஸ் போன்ற தனியார் கம்பெனிகள் ஓட்டுகின்றன. மேல்மாடி முழுதாகவோ பாதியாகவோ திறந்திருக்கும், பக்கவாட்டில் கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும்.

ஊர் பஸ் நகரப் போக்குவரத்து நிர்வாகமான 'டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்' நடத்துவது. நெற்றியில் வழி எண்ணும் போய்ச்சேரும் இடமும் ஒளிரும். நிறுத்தத்துக்கு உங்கள் பஸ் வந்தால் சும்மா நின்றுகொண்டிருக்காதீர்கள், கையைக் காட்டுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது நல்லது?

நடக்க முடிகிறவர்களுக்கு ஊர் பஸ்ஸும் டியூபும்தான். அதிகம் நடக்க முடியாதவர்களுக்கும், ஊரின் அமைப்பே தெரியாமல் முதல் நாள் வந்து இறங்கியவர்களுக்கும் டூர் பஸ், அதுவும் ஒரே ஒரு சுற்று.

டூர் பஸ்ஸை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வண்டியாக எண்ணி வாங்குகிறார்கள். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அது கோயில் தேர் மாதிரி: அதற்கென்று உள்ள வீதிகளில், ஒரே திசையில்தான் வரும். நீங்கள் பார்க்க விரும்பும் இடம் ஒரு நிறுத்தம் பின்னால் இருந்தால் முழுச் சுற்றும் சுற்றித்தான் வர வேண்டும். லண்டன் டவர் கோட்டையிலிருந்து நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கு டிஸ்ட்ரிக்ட் லைன் என்ற டியூப் தடத்தில் கால் மணி நேரம்கூட ஆகாது. அதே தூரத்தை டூர் பஸ்ஸில் கடக்க, நெரிசலைப் பொறுத்து, ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஆகவே கதை கேட்டுக்கொண்டே ஊரைப் பார்க்க ஆசை என்றால் டூர் பஸ்ஸில் ஏறுங்கள். பத்தரை மணிக்கு அருங்காட்சியகம், ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்குப் படகு என்று திட்டம் இருந்தால் அதை நம்பாதீர்கள்.

செலவில் எவ்வளவு வித்தியாசம்?

நிறையவே. டூர் பஸ்ஸுக்குப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகும். ஆன்லைனில் முன்பே வாங்கினால் கொஞ்சம் குறையும்.

ஊர் பஸ்ஸில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பயணம் 1.75 பவுண்டு. முதல் பஸ்ஸில் இயந்திரத்தில் கார்டைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு எந்த பஸ்ஸில் ஏறினாலும் மறுபடி காசு கிடையாது. நாள் முழுக்க பஸ்ஸில் மட்டும் சுற்றினால் 5.25 பவுண்டுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். மூன்று பயணத்துக்கு மேல் எல்லாம் இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூபும் சேர்த்துப் பயன்படுத்தினால், நகர மையமான 1, 2ஆம் மண்டலங்களுக்குள் ஒரு நாள் உச்சவரம்பு 8.90 பவுண்டு. நீங்கள் பார்க்க வரும் பெரும்பாலான இடங்கள் 1ஆம் மண்டலத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

அப்பா, அம்மா, பதினோரு வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள் என்றால், பஸ்ஸில் மட்டும் சுற்ற முழுக் குடும்பத்துக்கும் ஒரு நாளைக்கு 10.50 பவுண்டு போதும். பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. இதே குடும்பம் டூர் பஸ் ஏறினால் நூறு பவுண்டை நெருங்கிவிடும். ஏறக்குறைய அந்தப் பணத்தில் லண்டன் டவருக்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளைகள் ஞாபகம் வைத்திருப்பதும் அதைத்தான்.

டிக்கெட் எங்கே வாங்குவது? இந்திய கார்டு வேலை செய்யுமா?

பஸ்ஸில் காசு வாங்குவதை 2014இலேயே நிறுத்திவிட்டார்கள். ஓட்டுநரிடம் நோட்டை நீட்டிப் பயனில்லை. கான்டாக்ட்லெஸ் (தொட்டாலே பணம் போகும்) வசதியுள்ள வங்கி கார்டு, போன், அல்லது பணம் போட்டு வைத்துப் பயன்படுத்தும் ஆய்ஸ்டர் பயணக் கார்டு, மூன்றில் ஒன்று வேண்டும். பெரியவர்களுக்கு எதில் போனாலும் கட்டணம் ஒன்றுதான்.

விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் எல்லாம் ஏற்பார்கள். ஆனால் இந்திய வங்கிகள் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கான்டாக்ட்லெஸ்ஸையும் பெரும்பாலும் அணைத்து வைத்துத்தான் தருகின்றன. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்துவிடுங்கள். உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு எடுக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது அதிகமாக இருந்தால் டியூப் ஸ்டேஷன் இயந்திரத்தில் ஆய்ஸ்டர் வாங்கிப் பணம் போட்டுக்கொள்வது நல்லது. கார்டுக்குத் தனி விலை உண்டு.

அப்புறம் மூன்று விஷயம். ஒரு ஆளுக்கு ஒரு கார்டு: ஒரே கார்டை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாற்றி மாற்றித் தொட முடியாது. காலையில் கார்டைத் தொட்டால் நாள் முழுக்க அதே கார்டுதான். அதே வங்கிக் கணக்குதானே என்று நடுவில் போனைத் தொட்டால் இயந்திரம் அதை வேறு ஆளாகக் கணக்கெடுக்கும், உச்சவரம்பு கிடைக்காது. டியூபில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும், பஸ்ஸில் ஏறும்போது மட்டும்.

டூர் பஸ் போகிற வழியிலேயே போகும் ஊர் பஸ் இருக்கிறதா?

இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 15. டிரஃபால்கர் சதுக்கத்தின் அருகே கிளம்பி ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் தெரு வழியாக செயின்ட் பால்ஸ் தேவாலயத்தை ஒட்டிப் போய், லண்டன் தீ விபத்து நினைவுத்தூண் நிற்கும் மான்யுமென்ட் பகுதியைக் கடந்து லண்டன் டவருக்கு வரும். புறப்படும் இடத்திலேயே ஏறினால் மேல்மாடியில் முன்வரிசை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஃப்ளீட் தெருவிலிருந்து லட்கேட் மேட்டில் ஏறும்போது செயின்ட் பால்ஸின் குவிமாடம் கண்ணாடிக்கு நேர் எதிரே எழும்பி வரும். அந்தக் காட்சிக்கு 1.75 பவுண்டு என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. டவரில் இறங்கி டவர் பாலத்தின் மேல் நடந்துவிடுங்கள்.

அடுத்தது 24. பிம்லிகோவில் தொடங்கி விக்டோரியா, நாடாளுமன்றச் சதுக்கம், வைட்ஹால், டிரஃபால்கர் சதுக்கம், கேம்டன் டவுன் வழியாக ஹாம்ஸ்டெட் ஹீத் போகிறது. அரசாங்கம், நாடக அரங்குகள், இளைஞர்களின் சந்தை, கடைசியில் ஒரு பெரும் புல்வெளி என்று ஒரே பஸ்ஸில் நாலு லண்டன் பார்க்கலாம். ஹீத்தில் பார்லிமென்ட் ஹில் என்ற மேட்டின் மேல் ஏறினால் நகரம் முழுக்க எதிரே விரியும், கட்டணம் கிடையாது. வெயில் உள்ள மாலையில் போங்கள்.

9ஆம் எண் பஸ் ஹாமர்ஸ்மித்திலிருந்து ராயல் ஆல்பர்ட் ஹால், நைட்ஸ்பிரிட்ஜ், ஹைட் பார்க் கார்னர், கிரீன் பார்க் வழியாக டிரஃபால்கர் சதுக்கம் கடந்து ஆல்ட்விச் வரை வரும். கடைத்தெரு பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு 139: பேக்கர் தெரு, ஆக்ஸ்ஃபோர்ட் தெரு, ரீஜன்ட் தெரு, பிக்காடில்லி சர்க்கஸ் என்று போய் வாட்டர்லூவில் முடியும்.

பழைய பயண வழிகாட்டிகள் எல்லாம் 11ஆம் எண்ணைத்தான் புகழ்ந்திருக்கும். 2023இல் அதன் வழியை மாற்றிவிட்டார்கள். இப்போது அது ஃபுல்ஹாமிலிருந்து செல்சி, விக்டோரியா, வெஸ்ட்மின்ஸ்டர் வழியாக வாட்டர்லூவோடு நின்றுவிடும். செயின்ட் பால்ஸ் போகும் என்று நம்பி ஏறாதீர்கள்.

அப்படியானால் டியூப் எதற்கு?

தூரத்துக்கும் அவசரத்துக்கும். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக அதை அடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. 1863இல் தொடங்கிய உலகின் முதல் சுரங்க ரயில் என்பதால் ஒருமுறையாவது ஏறிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் டியூப் வரைபடத்தை நிலப்படம் என்று எண்ணிவிடாதீர்கள். ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளிவந்த முறை அது. எந்த ஸ்டேஷனுக்கு அடுத்து எது, எங்கே மாற வேண்டும் என்று மட்டும் காட்டும், உண்மைத் தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு ஏறக்குறைய 260 மீட்டர்தான். அதற்குப் போய்ப் படி இறங்கி, நடைமேடை தேடி, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி மேலே வருவதற்குள் நடந்தே போய்க் காப்பியும் குடித்துவிடலாம். அந்த ஒரு நிறுத்தத்துக்கு ஏறக்குறைய 3 பவுண்டு வேறு. தெருவோரத்தில் வரைபடத் தூண்கள் நிற்கும். ஐந்து நிமிட நடையில் எது, பதினைந்து நிமிட நடையில் எது என்று வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். டியூபில் இறங்குமுன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கோடையில் சென்ட்ரல், பேக்கர்லூ லைன்களில் ஏசி கிடையாது, வெக்கை தாங்காது. டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், எலிசபெத் லைன்களில் ஏசி உண்டு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். என்ன செய்வது?

காசுக் கணக்கை இங்கே ஓரம் வையுங்கள். வாழ்நாளில் ஒருமுறை வரும் பெற்றோரை முதல் நாளே டியூப் படிக்கட்டில் ஏற்றி இறக்கிக் களைப்படைய வைத்தால் மிச்ச நாளெல்லாம் "நீங்க போயிட்டு வாங்கப்பா, நாங்க வீட்லயே இருக்கோம்" என்று சொல்லிவிடுவார்கள். பல வீடுகளில் இதை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டப்படும்.

டியூப் ஸ்டேஷன்களில் மூன்றில் ஒரு பங்கில்தான் தெருவிலிருந்து படியே ஏறாமல் நடைமேடைக்குப் போக முடியும். வெஸ்ட்மின்ஸ்டர், கிரீன் பார்க், கிங்ஸ் கிராஸ், லண்டன் பிரிட்ஜ், டவர் ஹில் போன்றவை வசதியானவை. ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ், பிக்காடில்லி சர்க்கஸ், லெஸ்டர் ஸ்கொயர் ஆகியவற்றில் லிஃப்ட் கிடையாது. 2022 மே மாதம் திறந்த எலிசபெத் லைனில் எல்லா ஸ்டேஷனிலும் படியில்லா வழி உண்டு. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வரும்போதே அதில் அழைத்து வாருங்கள். பிக்காடில்லி லைனைவிட விலை கூடுதல்தான், ஆனால் பெட்டியோடு வரும் பெரியவர்களுக்கு அது தகும்.

ஊர் பஸ்கள் தாழ்தளம் கொண்டவை, சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பலகை உண்டு. கீழ்த்தளத்தில் முன்பக்க இருக்கைகள் முதியோருக்கானவை. மேல்மாடிக்கு அழைத்துப் போகவே வேண்டாம். பஸ் ஓடும்போது அந்தப் படியில் ஏறி இறங்குவது நமக்கே சிரமம்.

அப்படியானால் உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பது எப்போது? டூர் பஸ் உண்மையிலேயே உதவுவது இங்கேதான். பெரியவர்களுக்கு முதல் அல்லது இரண்டாம் நாள் காலை, தொடக்க நிறுத்தத்தில் ஏற்றி, மெதுவாகப் படியேறி உட்காரவைத்து, ஒரு முழுச் சுற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஓடும். உட்கார்ந்த இடத்தில் பிக் பென்னும் டவர் பாலமும் பார்த்துவிடலாம். பஸ்ஸில் கழிப்பறை இருக்கும் என்று எண்ண வேண்டாம், ஏறும் முன் போய்விட்டு வரச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் முதியோருக்கு இலவசப் பயணம் கிடையாது. அறுபது வயதுச் சலுகைக் கார்டு எல்லாம் லண்டன்வாசிகளுக்கு மட்டும்.

பிள்ளைகளுக்கு?

பதினோரு வயதுக்குக் கீழே பஸ்ஸில் இலவசம். டியூபிலும் பெரியவர் ஒருவருடன் நான்கு பிள்ளைகள் வரை இலவசம். 11 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு ஆய்ஸ்டர் வாங்கி, ஸ்டேஷன் ஊழியரிடம் 'யங் விசிட்டர்' தள்ளுபடி போட்டுத் தரச் சொல்லுங்கள், பாதிக் கட்டணம் ஆகும். வங்கி கார்டில் இந்தத் தள்ளுபடி வராது.

டூர் பஸ்ஸில் பிள்ளைகள் அரை மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக இருப்பதில்லை. அவர்களுக்கு ஓட்டுநர் இல்லாமல் ஓடும் டிஎல்ஆர் ரயிலைக் காட்டுங்கள். பேங்க் ஸ்டேஷனில் ஏறி முன்வரிசையில் உட்கார்ந்து கட்டி சார்க் ஸ்டேஷன் வரை போனால் தாங்களே ரயில் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள். இறங்கினால் கிரீனிச்.

டூர் பஸ்ஸில் விளக்கம் தமிழில் கிடைக்குமா?

பதிவு செய்த ஒலி விளக்கம் பல மொழிகளில் இருக்கும். தமிழை நம்பிப் போகாதீர்கள். ஆங்கிலம் புரிகிறவர்கள் காதுக்கருவி வண்டியைவிட நேரில் வழிகாட்டி பேசும் வண்டியைக் கேட்டு ஏறுங்கள். நெரிசலில் வண்டி நின்றாலும் அவர் பேச்சு நிற்காது, கேள்வியும் கேட்கலாம்.

கதைதான் முக்கியம் என்றால், 'ப்ளூ பேட்ஜ்' தகுதி பெற்ற வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது டூர் பஸ்ஸைவிட எவ்வளவோ மேல்.

சரி, டூர் பஸ் என்றே முடிவு. எதைக் கவனிக்க வேண்டும்?

"ஒரு நாள்" என்றால் காலண்டர் நாளா, ஏறியதிலிருந்து 24 மணி நேரமா என்று முதலில் கேளுங்கள். 24 மணி நேரம் என்றால் மதியத்துக்கு மேல் ஏறுவது லாபம், மறுநாள் காலையும் அதே டிக்கெட்டில் கிடைக்கும். ஆனால் வண்டிகள் 24 மணி நேரமும் ஓடாது, சாயங்காலத்தோடு நின்றுவிடும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடமே கேட்டுவிடுங்கள்.

ஒரு சனிக்கிழமை ஊர்வலம் காரணமாக வழி மாறியது, நாங்கள் நின்ற நிறுத்தத்துக்கு வண்டியே வரவில்லை, சொல்லவும் ஆளில்லை. கம்பெனி செயலியில் வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே நில்லுங்கள். பக்கிங்ஹாம் அரண்மனையில் காவலர் மாற்றம் நடக்கும் காலைகளில், வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு 11 மணி வாக்கில், அந்தப் பக்கச் சாலைகளை மூடிவிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் மாரத்தான் நாளன்று எந்த பஸ்ஸையும் நம்ப முடியாது.

டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், திறந்த மாடியில் குளிர் எலும்புக்குள் போகும். அந்த மாதம் டூர் பஸ்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்பேன். கிறிஸ்துமஸ் விளக்குகளை 139இன் மேல்மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் கதகதப்பாக உட்கார்ந்து பார்க்கலாம்.

டூர் பஸ் டிக்கெட்டோடு படகும் தருகிறார்களே?

சில டிக்கெட்டுகளில் உண்டு. படகில் கட்டாயம் போவது என்று இருந்தால் விலையைச் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் குறையும். இல்லையென்றால் தேம்ஸில் ஓடும் ஊர்ப் படகிலேயே கார்டைத் தொட்டு வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து கிரீனிச் போகலாம். படகுக் கட்டணம் அந்த ஒரு நாள் உச்சவரம்பில் சேராது.

கோயிலுக்கும் நம் கடைகளுக்கும் டூர் பஸ் போகுமா?

போகாது. அதன் சுற்று நகர மையத்தோடு சரி. ஹைகேட் முருகன் கோயிலுக்கு நார்தர்ன் லைனில் ஹைகேட் ஸ்டேஷன். தோசையும் வெற்றிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும் ஈஸ்ட் ஹாமுக்கு டிஸ்ட்ரிக்ட் லைன். அங்கே லண்டன் ஸ்ரீ முருகன் கோயிலும் பக்கத்தில். ஈழத்துக் கடைகள் நிறைந்த டூட்டிங்குக்கு நார்தர்ன் லைனில் டூட்டிங் பிராட்வே. ஈலிங் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஈழபதீஸ்வரர் கோயிலுக்கு ஆல்பர்ட்டன் ஸ்டேஷன்.

மையத்திலேயே நாம் பார்க்க வேண்டிய ஒன்று பிரிட்டிஷ் மியூசியம். சோழர் காலத்து நடராஜரும் அமராவதிச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன, நுழைவு இலவசம். இதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். டூர் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டமாக ஓடிப் பார்க்கிற இடமில்லை.

ஸ்டோன்ஹெஞ்ச், விண்ட்சர் போக?

இரண்டுக்கும் பதில் வேறு. ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்தில் ரயில் நிலையமே இல்லை. வாட்டர்லூவிலிருந்து சாலிஸ்பரிக்கு ஒன்றரை மணி நேரம் ரயில், அங்கிருந்து இன்னொரு பஸ். முதல்முறை வருகிறவர்கள், அதுவும் குடும்பமாக, லண்டனிலிருந்தே கிளம்பும் கோச் டூரில் போய் வருவதுதான் நிம்மதி. விண்ட்சருக்கு டூர் தேவையில்லை. பேடிங்டனிலிருந்து ரயிலில் ஸ்லவ் போய், அங்கே மாறினால் சில நிமிடத்தில் கோட்டைக்கு எதிரேயே இறங்கலாம்.

இரவு பத்து மணிக்கு மேல் எப்படித் திரும்புவது?

டியூப் நள்ளிரவு வரை ஓடும். வெள்ளி, சனி இரவுகளில் சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்காடில்லி, விக்டோரியா லைன்களில் பெரும்பகுதி விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் 'N' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எண்ணுள்ள இரவு பஸ்கள் உண்டு, கட்டணம் அதே 1.75 பவுண்டு. நாடகம் பார்த்துவிட்டு வரும் இரவென்றால், டிரஃபால்கர் சதுக்கத்தில் எந்த நிறுத்தத்திலிருந்து உங்கள் பஸ் கிளம்பும் என்பதைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். அங்கே நிறுத்தங்கள் பல திசையில் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எழுத்து இருக்கும். அந்த எழுத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.